பழைய மரமும் புதிய மெருகும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. நிலம், மனை, பொன், தானியம் என்று வரிசையாக எண்ணி, 'இவ்வளவே போதும்' என ஓர் எல்லை கட்டிக்கொள்வது அவ்விரதம். வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களும் அவ்வெல்லைக்குள் அடங்கும் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. நிலத்துக்குப் பட்டா உண்டு. பொன்னுக்கு எடை உண்டு. அலமாரிக்கும் கட்டிலுக்கும் யார் கணக்கு வைக்கிறார்கள்? அவை ஓசையின்றி வீட்டுக்குள் நுழைந்து, ஓசையின்றியே பெருகுகின்றன.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது ஒரு சிறிய வினா. பழுதுபட்டுக் கிடக்கும் பழைய மரச்சாமான் ஒன்றைச் சிறு செலவில் செப்பனிட்டு, இக்காலத் தேவைக்கேற்ப மாற்றி, மீண்டும் புழங்குவது அறநெறியோடு பொருந்துமா? பொருந்துமெனின், எவ்வாறு செய்தால் பொருந்தும்? 'இதில் அறம் எங்கே வந்தது? ஆசாரியை அழைத்தால் ஆயிற்று' என்று அன்பர்கள் சிலர் கூறலாம். வேலையைத் தொடங்கிப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவில் முடிவதில்லை என்பது தெரியும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை ஓய்ந்தும் துன்பம் ஓயவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருநீர் தென்பெண்ணை வழியே இறங்கி, டிசம்பர் முதல் வாரத்தில் பாகூர்க் கொம்யூனின் ஆற்றோரச் சிற்றூர்களுக்குள் புகுந்தது. நீர் வடிந்த பின் அத்தெருக்களில் நடந்தவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். வாசல்தோறும் சாமான்கள் வெளியே கிடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை, தவணையில் வாங்கி ஐந்தாறு ஆண்டுகூட நிரம்பாத துகள் பலகை அலமாரிகள். ஊறிய அப்பம்போல் உப்பி, ஓரமெல்லாம் பிளந்து கிடந்தன. அவற்றின் நடுவே பாட்டன் பாட்டி காலத்துத் தேக்கும் பலாவும் சேறு பூசி நின்றன. எவற்றைக் காப்பாற்றலாம், எவற்றைக் காப்பாற்ற இயலாது என்று வேறுபடுத்திப் பார்க்கும் மனநிலை அப்போது யாருக்கு இருக்கும்? பழைய சாமான் வாங்குவோரின் வண்டியில் இரண்டும் ஒன்றாகவே ஏறின. அவ்வாறு ஏறவிருந்த ஒரு தேக்கு அலமாரி, நம் நாத்தனார் வீட்டிலிருந்து வில்லியனூருக்கு அருகிலுள்ள நம் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. அவருடைய தாயார் மணமாகி வந்தபோது சீர்வரிசையோடு வந்த பொருள் அது.

துகள் பலகை என்பது மரத்தூளையும் சிம்புகளையும் யூரியா–ஃபார்மால்டிஹைடு பிசினில் கலந்து, வெப்பத்தில் அழுத்திச் செய்வது. மேலே ஒட்டிய தாள் பிரியாதவரை தேக்குபோலவே தோன்றும். நீர் உட்புகுந்தால் துகள்கள் வீங்கும். திருகாணி பிடித்த இடம் பொலபொலவென உதிரும். பின்னர் எந்தத் தச்சராலும் அதைக் கூட்ட இயலாது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். விலை மலிவு என்று வாங்கிய பொருள் ஒரு வெள்ளத்தில் குப்பையாகி, அடுத்ததை வாங்கச் செய்கிறது. வீட்டில் எப்போதும் ஓர் அலமாரியே இருந்தாலும், வாழ்நாளில் நான்கு வாங்கிய ஒருவர் நான்கு அலமாரி உடையவரே என்பது நம் கருத்து. மிகுபொருட் கணக்கை வீட்டின் நீள அகலத்தை வைத்து எழுதினால் போதாது. ஆண்டுகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

பழைய மரம் ஒருமுறை வெட்டப்பட்டுவிட்டது. ஓரறிவுயிருக்கு அன்று இழைத்த தீங்கு, இன்று அதைக் குப்பையில் எறிவதால் கழியப்போவதில்லை. புதியது வாங்கினாலோ இன்னொரு மரம் விழ வேண்டும். நிலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் வைக்கத் தொடங்கியவர்கள், தாம் நட்டதைத் தம் காலத்தில் வெட்ட இயலாது என்று அறிந்தே நட்டார்கள். தேக்கு நன்றாக வைரம் பாய அறுபது, எழுபது ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டு வளர்ந்த ஒன்றை அதைவிடக் குறைந்த காலம் பயன்படுத்தி எறிவது கணக்கிலும் ஒவ்வாது, அறத்திலும் ஒவ்வாது. ஆகவே செப்பனிடுவது நன்று என்னும் அளவில் வினாவின் முதற்பாதிக்கு விடை எளிது. இரண்டாம் பாதிதான் நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

வேலை நடந்த முறையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் நனைந்த சாமானை வெயிலில் வைக்கக் கூடாது. மேற்புறம் விரைந்து உலர்ந்து உட்புறம் ஈரமாகவே இருக்கும். பலகை வளையும், வெடிக்கும். நல்ல நீரால் சேற்றைக் கழுவி, இழுப்பறைகளையும் தட்டுகளையும் தனித்தனியே எடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் செங்கல்மேல் அடுக்கி வைக்க வேண்டும். நம் அலமாரி உலர இரண்டரை மாதம் ஆயிற்று. மாசி பிறந்த பின்பே ஆசாரியார் அதன்மேல் கை வைத்தார். அதற்குள் அதன் பொருத்துகள் எல்லாம் தாமாகவே கழன்றுவிட்டிருந்தன. நாத்தனார் அதைக் கண்டு மனம் உடைந்தார். ஆசாரியாரோ, "கழன்றதே நல்லது, டீச்சரம்மா. உடைந்திருந்தால்தான் கவலை" என்றார்.

அவர் கூறியதன் பொருள் பிறகு விளங்கிற்று. பழங்காலத் தச்சர்கள் கழுந்தைத் துளையில் இறக்கி, வச்சிரம் பூசி, மூங்கில் ஆணியால் இறுக்குவார்கள். வச்சிரம் என்பது மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. நீரில் நெடுநேரம் ஊறினால் அது கரைந்துவிடும். மரத்தில் குறையில்லை, பசை மட்டும் நீரோடு போயிற்று. புலால் கடிந்த ஒரு குடும்பத்தில் எழுபது ஆண்டுகளாகத் துணிமணி வைத்த அலமாரியைச் சேர்த்துப் பிடித்திருந்தது தோற்பசை என்பதை அன்றுதான் நாத்தனார் அறிந்தார். "அம்மா அறிந்திருந்தால் இதில் பட்டுப்புடவை வைத்திருக்கமாட்டாள்" என்றார். பட்டு எவ்வாறு கிடைக்கிறது என்பதை அந்த நேரத்தில் அவருக்கு நினைவூட்ட நாம் விரும்பவில்லை.

அவர் சொல்லை வைத்து நாம் மேலும் எண்ணிப் பார்த்தோம். சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், ஐந்து அணுவிரதங்களோடு கள், புலால், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவதைச் சேர்த்து எட்டு மூலகுணங்கள் என்று வகுக்கிறது. நம் சமணக் குழந்தைகள் எழுத்தறியுமுன்பே அறிந்துகொள்ளும் விலக்குகள் இவை. இனி 'பிரெஞ்சு பாலிஷ்' என்று கடைக்காரர் பெருமையோடு கூறும் பழைய மெருகின் உட்பொருள்களைப் பாருங்கள். அவலரக்கு, அதைக் கரைக்கச் சாராய வகையைச் சேர்ந்த ஸ்பிரிட், மேலே பளபளப்புக்குத் தேன்மெழுகு, அடியில் பலகையைப் பிடித்திருக்கும் தோற்பசை. உணவுத் தட்டிலிருந்து நாம் நீக்கிய யாவும் வேறு வடிவத்தில் முன்கூடத்து அலமாரியில் கூடியிருக்கின்றன. முகம் தெரியும் அளவுக்கு மின்னுவதால் நாம் அதை ஆராய்வதில்லை.

இவற்றை ஒரே அளவாகக் கருதுவதும் தவறு. ஸ்பிரிட்டைப் பற்றி நமக்கு ஐயமில்லை. கள் விலக்கப்பட்டது அது அறிவை மயக்குவதாலும், அதில் தோன்றி மடியும் உயிர்களாலும். பருகாத, பருக முடியாத ஒரு கரைப்பானை அவ்விலக்கின்கீழ்க் கொண்டுவருவது சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விடுவதாகும். தேன்மெழுகு அப்படியன்று. தேனை ஏன் விலக்கினார்களோ அதே காரணம் மெழுகுக்கும் உண்டு, கூடு ஒன்றே. தோற்பசை இன்று தச்சர் கையில் அரிதாகிவிட்டது. 1959-இல் வந்த ஃபெவிகால் என்னும் வெள்ளைப் பசை, காய்ச்சவும் வேண்டாம், நாற்றமும் இல்லை என்பதால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறத்தை எண்ணி எவரும் மாறவில்லை. எளிமையை எண்ணி மாறினார்கள். விளைவு நல்லதாயின் அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

எஞ்சுவது அரக்கு. இதுவே கடினமான பகுதி.

அரக்குப் பூச்சி புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தன் உடலைச் சுற்றிப் பிசின் கசியவிட்டு அதையே கூடாக்கிக்கொள்ளும். பெண்பூச்சி அக்கூட்டை விட்டு வெளியே வருவதேயில்லை. கிளையை வெட்டி, மேலேடு சுரண்டி, நொறுக்கி, கழுவினால் செந்நிற நீர் வடியும். அந்தச் செம்மை பூச்சியின் உடலிலிருந்து வருவது. பின்னர் உருக்கி, துணிப்பையில் பிழிந்து, தகடாக இழுத்தால் அவலரக்கு. ஒரு கிலோ அரக்கில் பல்லாயிரக்கணக்கான பூச்சிகளின் உயிர் அடங்கியிருக்கிறது. நாம் பணியிலிருந்த நாளில் வினாத்தாள் கட்டுகளின்மேல் உருக்கி வைத்த முத்திரையும் இதுவே. குழந்தைகள் கையில் அணிந்த அரக்கு வளையலும் இதுவே.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இயற்றிய யோகசாஸ்திரம், சிராவகர் மேற்கொள்ளலாகாத தொழில்கள் பதினைந்தை எண்ணுகிறது. அவற்றுள் யானைத்தந்த வாணிகத்தை அடுத்து அரக்கு வாணிகம் நிற்கிறது. நஞ்சு வாணிகமும் அப்பட்டியலில் உண்டு. சுவேதாம்பர மரபின் நூல் அது என்று நம்மில் சிலர் ஒதுக்கக் கூடும். பூச்சிக்கு அவ்வேறுபாடு தெரியாது. விற்கக் கூடாது என்று சான்றோர் விலக்கிய ஒன்றை நாம் வாங்கலாமா என்பதே கேள்வி. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என வினை மூன்று வழியில் சேரும் என்று படித்திருக்கிறோம். கடையில் பணம் நீட்டும் கை மூன்றாவது வழியில் நிற்கிறதா, இரண்டாவதிலா?

மறுபக்கத்தையும் பார்த்தால்தான் அநேகாந்தம் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதி உண்டு. ஜார்க்கண்டு, சத்தீசுகர் மாநிலங்களில் பழங்குடி மக்கள் பலருக்கு அரக்கு ஒரு வருவாய். அரக்கு விளைவதால்தான் அம்மரங்கள் விறகாகாமல் நிற்கின்றன. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் 1924-இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அறுவடையிலும் இருவகை உண்டு. குஞ்சுகள் வெளியேறித் தாய்ப்பூச்சி வாழ்நாள் முடித்த பின் சுரண்டுவது ஒன்று. அதற்கு முன்பே பச்சையாக வெட்டுவது மற்றொன்று. முன்னதைக் கொலை என்பதற்குத் தயங்க வேண்டும். ஆனால் கடையில் நம் முன் வைக்கப்படும் பொன்னிறச் செதில்களைப் பார்த்து, எவ்வகை அறுவடையில் வந்தது என்று எவராலும் கூற முடியாது. இனி அரக்கை விட்டுப் பாலியுரித்தேன் வார்னிஷுக்குப் போனால், அது பெட்ரோலியத்திலிருந்து வருவது; பூசும் தொழிலாளி அதன் ஆவியை நாள்தோறும் மூச்சில் இழுக்கிறார்; கழுவிய தின்னர் வாய்க்காலுக்குப் போய் ஏரியில் சேர்கிறது. ஊசுட்டேரிக்கு வரும் பறவைகளைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துச் சென்றவர்கள் நாம். அந்த நீரில் எது கலந்தாலும் நமக்கு உறுத்தும்.

தீங்கு அறவே இல்லாத மெருகு ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே செய்யும் கொலையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். சமைத்தல், கூட்டுதல், கட்டுதல் முதலிய மனைத்தொழில்களில் நேரும் தீங்கை விழிப்போடு குறைக்க வேண்டும். நூல்கள் நம்மிடம் வேண்டுவது இவ்வளவே. குறைப்பதற்கு முதலில் அறிய வேண்டும். ஆகவே நாம் செய்ததைக் கூறுகிறோம். இதைவிட நன்றாகச் செய்யும் வழி அறிந்தவர்கள் எழுதலாம்.

பழைய மெருகை முழுவதும் சுரண்டுவது என்னும் வழக்கமான முறையை முதலிலேயே கைவிட்டோம். எழுபது ஆண்டுகளுக்கு முன் மடிந்த பூச்சிகளின் அரக்கு அது. அதை எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசினால் இரண்டாம் முறையும் கொன்றதாகும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால், இளகிப் பிசுபிசுப்பது அரக்கு, இளகாதது வண்ணப்பூச்சு அல்லது வார்னிஷ் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். ஈரத்தால் வெண்மை படர்ந்திருந்த இடங்களில் அதே துணியை மெல்ல ஓட்ட, பழைய அரக்கே கரைந்து மீண்டும் படிந்தது. கதவுகள் இரண்டும் இவ்வாறு புதுமை பெற்றன. மெருகு அழிந்து வெறும் மரமாய்ப் போன இடங்களை மட்டும் 120, 180, 220 என்று வரிசையாக உப்புத்தாள் கொண்டு இழையின் போக்கிலேயே தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சம அளவு டர்பென்டைனோடு கலந்து முதற்பூச்சும், பின்னர்த் தனி எண்ணெயாக இரு பூச்சும் கொடுத்தோம். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் விட வேண்டும். பளபளப்பு வராது, மரத்தின் வரிகள் தெளிவாகத் தெரியும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோ அப்புறப்படுத்த வேண்டும்.

முதுகுப் பலகைக்கும் கால்களின் அடிக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். படகுகளுக்குப் பூசும் கரிய எண்ணெய் அது. பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும், விலையும் மிகுதியில்லை. அதன் கடுமையால் செல் நெருங்காது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் உறை அணிந்தே பூச வேண்டும். செலவென்று பார்த்தால் ஆசாரியாருக்கு நான்கு நாள் கூலியே பெரிது. எண்ணெய், உப்புத்தாள், கீல், திருகாணி யாவும் சேர்ந்து அதில் பாதியைத் தொடவில்லை.

உள்தட்டுகளில் பச்சை வண்ணம் ஒன்று பூசப்பட்டிருந்தது. பழைய வண்ணங்களில் ஈயம் இருப்பது வழக்கம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2016-இல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் அத்தூசி தவழும் குழந்தையின் வாயிலும் தச்சரின் நுரையீரலிலும் போய்ச் சேரும். அரக்குப் பூச்சிக்கு இரங்கிய நாம் ஆசாரியாரின் மூச்சை மறந்தால் அந்த இரக்கத்துக்கு என்ன பொருள்? நீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கொண்டு, வாயையும் மூக்கையும் துணியால் மூடி, தேய்த்த சேற்றைத் துணியால் வழித்துத் தனியே கட்டிவைத்தோம். காஸ்டிக் சோடா நீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்றார் அண்டை வீட்டார். முடியும்தான். அந்நீர் பாயும் இடத்தில் மண்புழுவும் முடியும்.

கடைசித் தடை உளுத்த பலகை. அலமாரியின் அடித்தட்டு மட்டும் வெளிறு மரம். வைரமில்லாத அப்பகுதியில் ஊசித்துளைகளும் மாவுபோன்ற தூளும் தெரிந்தன. மறுபுறம் கறையான் மண் ஏறியிருந்தது. ஊசியால் மருந்து ஏற்றலாம் என்பது எல்லாரும் கூறும் வழி. கறையான் மூவறிவுயிர் என்று நம் ஆகமங்கள் கூறும். தொல்காப்பியமும் சிதலையும் எறும்பையும் அவ்வாறே வகுக்கும். பெயர் சொல்லி, இடம் அறிந்து, நஞ்சு ஏற்றிக் கொல்வதை மனைத்தொழிலில் தானே நேரும் தீங்கு என்று எப்படிக் கூறுவது? ஆசாரியாரிடம் அத்தட்டை முழுவதும் கழற்றித் தரச் சொன்னோம். அவர் சிரித்தார், ஆயினும் உடையாமல் கழற்றித் தந்தார். தோட்டத்தின் கோடியில் வேலியோரம் அது கிடக்கிறது. உள்ளிருப்பவை தம் உணவை உண்டு முடிக்கட்டும். அதற்கு மாற்றாகப் பலாப் பலகை ஒன்று வாங்கினோம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பக்கத்துப் பலாத்தோப்புகளைச் சாய்த்தபோது விழுந்து, ஒரு மரக்கடையில் அறுபட்டு, நெடுநாள் கிடந்த பலகை அது. வெட்டாமல் விழுந்த மரம் என்பதால் நமக்கு மனநிறைவு. கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டுகள் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். ஈரமும் மண்ணும் எட்டாத மரத்தைக் கறையான் தேடி வருவது அரிது.

இவ்வளவும் செப்பனிடுதல். 'புதுமைப்படுத்துதல்' என்று வந்தபோதுதான் வீட்டில் பூசல் எழுந்தது. அலமாரியின் உச்சியில் பூவேலை செய்த முகப்புப் பலகை ஒன்று இருந்தது. அதோடு சேர்த்தால் அலமாரி நம் தாழ்ந்த அறைக்குள் நிற்காது. பேத்தி அதை நீக்கிவிட்டு, ஒரு கதவையும் எடுத்துத் திறந்த தட்டுகளாக்கி, நூல்கள் அடுக்கக் கேட்டாள். நாத்தனாருக்கோ ஓர் ஆணியை மாற்றினாலும் தம் அன்னையை மாற்றியதுபோல் இருந்தது. கதவின் உட்புறத்தில் அன்னையார் விரலால் துடைத்த சுண்ணாம்புக் கறை இருக்கிறது. அதை எவரும் தொடக் கூடாது என்றார்.

சமந்தபத்திரரின் ஆப்தமீமாம்சையில் வரும் எடுத்துக்காட்டைப் பலரும் அறிவர். பொற்குடம் ஒன்றை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை மட்டும் கருதியவன் வருந்தவுமில்லை, மகிழவுமில்லை. தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பொருளில் உள்ளன என்பதை விளக்க வந்த உவமை அது. வகுப்பில் உவமையைச் சொல்லி, மூன்றாமவனே அறிவுடையவன் என்று முடித்துவிடுவது எளிது. நம் கூடத்தில் மூவரும் இருந்தார்கள். ஆசாரியாருக்குப் பலகை பலகையாகவே இருந்தது. ஆனால் நாத்தனாரின் வருத்தம் பற்று என்று தள்ளிவிடக் கூடியதா? வெள்ளம் அவர் வீட்டிலிருந்து கொண்டுபோனவற்றை எண்ணினால், எஞ்சிய ஒன்றை மாற்றச் சொல்வது கொடுமையாகவும் தோன்றியது. பேத்தியின் மகிழ்ச்சியும் ஆசை என்று தள்ளக் கூடியதன்று. மாற்றாவிட்டால் அவள் கடையில் ஒரு துகள் பலகை அடுக்கு வாங்கியிருப்பாள். அலமாரி பயனின்றி ஓர் இருட்டு மூலையில் நின்றிருக்கும்.

பழமையைப் போற்றுவது எப்போது நற்பண்பு, எப்போது மற்றொரு வகைப் பெருமிதம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. சண்டிகர் நகரத்து அலுவலகங்களுக்காக 1950-களில் பியேர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள், பழுதானதும் மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிக்கப்பட்டு, கழிவென்று மலிவாக ஏலம் விடப்பட்டன. அயல்நாட்டு வணிகர் வாங்கிச் செப்பனிட்டு மெருகேற்றி, ஐரோப்பிய ஏலங்களில் பெரும்பொருளுக்கு விற்றார்கள். 2011-இல் நடுவண் அரசு தடை விதித்த பிறகே நாம் விழித்தோம். குப்பையென்று எறிந்ததும் பற்றே, பெருவிலை கொடுத்துக் காட்சிக்கு வைத்ததும் பற்றே. இரண்டிலும் நாற்காலியில் அமர்ந்தவர் எவருமில்லை. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கிய நகரத்தார் இல்லத்துத் தூண்களையும் கதவுகளையும் காணும்போதும் நமக்கு அவ்வெண்ணமே வரும்.

இதற்கு மாறான காட்சி புதுவை நகரிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1937-இல் கட்டத் தொடங்கப்பட்டது. வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். உடனிருந்து கட்டுவித்தவர் ஜார்ஜ் நகாஷிமா என்னும் ஜப்பானிய வழிவந்த அமெரிக்க இளைஞர். பிற்காலத்தில் மரவேலையில் உலகப்புகழ் பெற்ற அவர், அவ்வறைகளுக்கென எளிய தேக்குச் சாமான்களை வடிவமைத்தார். தங்குபவர்கள் அவற்றில் படுக்கிறார்கள், எழுதுகிறார்கள், நாள்தோறும் துடைத்து வைக்கிறார்கள். எண்பது ஆண்டுகளாகியும் அவை காட்சிப்பொருள் ஆகவில்லை.

புழங்கும் பொருளுக்குத்தான் வீட்டில் இடம் என்பதை அளவுகோலாகக் கொண்டோம். சுண்ணாம்புக் கறையுள்ள கதவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உட்புறத்தில் உப்புத்தாள் படவில்லை. அதற்குள் நாத்தனாரின் துணிகள். மற்றப் பாதி திறந்த தட்டுகளாகிப் பேத்தியின் நூல்களைத் தாங்குகிறது. கழற்றிய கதவுப் பலகைகளே அத்தட்டுகள், புதுப்பலகை வாங்கவில்லை. பூவேலை முகப்பைச் சுவரில் அழகுக்காக மாட்டலாம் என்றாள் பேத்தி. தூசி துடைக்க ஆள் யார் என்று கேட்டுவிட்டு, நாத்தனாரே ஒரு வழி சொன்னார். ஆசாரியார் அதை இரண்டு முழ நீளத்துக்கு அறுத்து, அடியில் இரு குறுக்குச் சட்டம் அடித்துத் தந்தார். சமையற்கட்டில் கீரை ஆயும்போது நாத்தனார் அமரும் மணை இப்போது அது. பூவேலை தரையைப் பார்த்து இருக்கிறது.